வண்டியை விட்டு இறங்கிய கரடி

காராயி என்ற கரடியும் மினுக்கன் என்ற காட்டுப்பூனையும் கொடுக்காய்மலையில் சவாரி வண்டி ஓட்டிப் பிழைத்து வந்தார்கள். இரண்டு வண்டிகளும் மூன்று சக்கர மிதிவண்டிகள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் உட்காரப் பலகை.

அந்தக் கோடையில் மலையுச்சிச் சுனை வற்றிவிட்டது. விலங்குகள் எல்லாம் மூட்டை முடிச்சுகளோடு அடிவாரத்தில் நீர் வற்றாத நெடுமடுவுக்குக் குடிபெயர்ந்தன. வண்டிக்காரர்களுக்கு ஓய்வே இல்லை. ஒரு சவாரிக்கு ஒரு கூடை அத்திப்பழம். தூரமாய் இருந்தால் தேனடை.

காராயியின் வண்டியைப் பார்த்தால் யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் நாள் தவறாமல் செயினுக்கு எண்ணெய் விடுவாள், நட்டுகளை முறுக்குவாள். இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்பேனர் எப்போதும் கிடக்கும்.

மினுக்கனின் வண்டி கல்யாண வண்டிபோல் பளபளக்கும். சக்கரத்து நட்டுக்குக்கூடச் சிவப்புச் சாயம் பூசியிருந்தான். பூசினானே தவிர, ஒரு நாளாவது முறுக்கிப் பார்த்ததில்லை.

அவனிடம் ஒரு தந்திரம் இருந்தது.

காராயி முன்னால் போய்க்கொண்டிருப்பாள். மினுக்கன் பின்னாலிருந்து கத்துவான். "அக்கா! உன் பின் சக்கரம் ஆடுது! நிறுத்து, நிறுத்து!"

காராயி பதறி இறங்கிக் குனிந்து பார்ப்பாள். சக்கரம் கல்லுப்போல இருக்கும். அதற்குள் மினுக்கன் அவளைத் தாண்டிப் போய்ச் சவாரியைப் பிடித்துவிடுவான்.

இன்னொரு நாள், "பிரேக்கிலிருந்து புகை வருது!" என்றான். அன்றும் அவள் இறங்கினாள். புகையும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு நாள் காலை, "அக்கா, செயின் அறுந்து தொங்குது!" என்றான். அவன் வேலையைத் தெரிந்திருந்தும் காராயி இறங்கினாள். வண்டி விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கொள்கை. பூவாத்தா என்ற முயலின் குடும்பத்தை ஏற்றத்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள். போய்ச் சேர்ந்தபோது பூவாத்தாவும் அவள் குட்டிகள் ஆறும் மினுக்கனின் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, கால் வலிக்குதா? மெதுவா வா!" என்று சிரித்துவிட்டு மினுக்கன் கிளம்பினான்.

காராயி காலி வண்டியோடு அவன் பின்னாலேயே இறங்கினாள். கீழே ஒரு மான் குடும்பம் மடுவைச் சுற்றி மறுகரைக்குப் போகக் காத்திருந்தது. முழுத் தேனடை தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தது. யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கு அந்தச் சவாரி. இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எப்படியாவது அவனை முந்திவிட வேண்டும் என்று மிதித்தாள்.

முதல் வளைவு தாண்டியதும், டிங் என்று ஒரு சத்தம். பாதையில் ஏதோ சிவப்பாகத் துள்ளி உருண்டது. காராயி வண்டியை நிறுத்தி எடுத்துப் பார்த்தாள்.

சிவப்புச் சாயம் பூசிய நட்டு!

நிமிர்ந்து முன்னால் பார்த்தாள். மினுக்கனின் வண்டியில் இடது பின் சக்கரம் அச்சை விட்டு ஒரு விரல் அளவு வெளியே வந்திருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

அந்தப் பாதையில் மூன்று வளைவுகள். மூன்றாவது வளைவுக்கு இடப்பக்கம் கிடுகிடு பள்ளம். அங்கே வண்டியைத் திருப்பினால் பாரம் முழுவதும் இடது சக்கரத்தில்தான் இறங்கும்.

'நல்லா வேணும் அவனுக்கு' என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. பலகைக்கு மேலே ஏழு ஜோடிக் காதுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஏன், அந்தப் பூனைக்கு மட்டும் உயிர் இல்லையா?

அவள் வேகமாக மிதித்து நெருங்கினாள்.

"மினுக்கா! உன் இடது சக்கரம் கழலுது! நிறுத்து!"

மினுக்கன் திரும்பிப் பார்க்காமலே சிரித்தான். "என் பாட்டை எனக்கே பாடுறியா அக்கா?"

"பொய் இல்லடா! நட்டு விழுந்துடுச்சு. இதோ பாரு, என் கையில இருக்கு!"

அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். "பழத்தைப் பிழிஞ்சா எந்த நட்டும் சிவப்பாகும்! நான் இறங்கிப் பார்ப்பேன், நீ தாண்டிப் போய் மானை ஏத்திக்குவே. அதானே?"

"பூவாத்தா! நீயாவது எட்டிப் பாரு!" என்று காராயி கத்தினாள்.

பூவாத்தா எட்டிப் பார்க்க எழுந்தாள். வண்டி குலுங்கியது. குட்டிகள் சரிந்தார்கள். அவள் அவர்களைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, பயமுறுத்தாதே! பிள்ளைங்க அழுவுதுங்க!"

"கேட்டியா? போட்டிக்கு வரணும்னா வேகமா மிதி!" என்றான் மினுக்கன். அவன் இன்னும் வேகமாக மிதித்தான். சக்கரம் இரண்டு விரல் அளவு வெளியே வந்தது.

காராயி வண்டியை மெதுவாக்கினாள். இனித் தொண்டை கிழியக் கத்தினாலும் பயன் இல்லை என்று புரிந்தது. அவள் நெருங்க நெருங்க அவன் வேகம்தான் கூடும். முந்திப் போய் வழிமறிக்கலாமா? பாதை குறுகல். அவன் விடமாட்டான், இரண்டு வண்டியும் மோதிக்கொள்ளும்.

அவன் ஏன் நம்பவில்லை? தன்னை முந்தத்தான் அவள் கத்துகிறாள் என்று நினைக்கிறான். முந்துவதற்கு அவளிடம் வண்டியே இல்லை என்றால்?

இரண்டாம் வளைவில் காராயி வண்டியைப் பாதையோரப் புளியமரத்தில் சாய்த்தாள். இறங்கினாள். அங்கிருந்து மூன்றாம் வளைவுக்குச் சரிவில் ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. வண்டி போகாது. கால்தான் போகும். மான் சவாரியையும் தேனடையையும் அந்த மரத்தடியிலேயே விட்டுவிட்டு, முள்ளையும் கல்லையும் பார்க்காமல் அவள் சரிவில் இறங்கினாள். பாதி தூரம் ஓடினாள். மீதி தூரம் உருண்டாள்.

மூன்றாம் வளைவுக்கு நூறடி முன்னால் அவள் பாதையில் வந்து விழுந்தாள். எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து, நடுவில் நின்றாள். மேலிருந்து மினுக்கனின் வண்டி கடகடவென்று வந்தது.

"ஒதுங்கு! ஒதுங்கு!" என்று அலறினான் மினுக்கன்.

"என்னை நல்லாப் பாருடா!" என்று கர்ஜித்தாள் காராயி. "என் வண்டி மேல நிக்குது! நான் நடந்து வந்திருக்கேன்! உன்னை முந்த என்கிட்ட வண்டியே இல்ல!"

மினுக்கன் பார்த்தான். உடம்பெல்லாம் புழுதி. முழங்காலில் இரத்தம். பின்னால் வண்டி இல்லை.

ஏமாற்றுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வண்டியை விட்டுவிட்டு எவரும் நடந்து வரமாட்டார்கள்.

அவன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான்.

வண்டி கிறீச்சிட்டு, தள்ளாடி, வேகம் குறைந்தது. காராயிக்குப் பத்தடி முன்னால் வந்தபோது இடது சக்கரம் கழன்று தனியாக ஓடியது. வளைவு வரை ஓடி, பள்ளத்தின் விளிம்பிலிருந்த ஒரு பாறையில் மோதி விழுந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. குட்டிகள் கீச்சிட்டார்கள். காராயி பாய்ந்து போய்ப் பலகைக்கு அடியில் தோளைக் கொடுத்தாள்.

"பூவாத்தா, ஒவ்வொருத்தரா இறக்கு! அவசரப்படாதே, நான் தாங்குறேன்!"

பூவாத்தா ஆறு குட்டிகளையும் இறக்கினாள். எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணிப் பார்த்தாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு மினுக்கன் பக்கம் திரும்பினாள்.

"அக்கா அத்தனை தடவை கத்துச்சே! திரும்பிப் பார்த்தா உன் கழுத்து சுளுக்கிக்குமா?" என்று கேட்டாள். "நானும்தான் கேக்கல" என்று சொல்லிக் குட்டிகளை அணைத்துக்கொண்டாள்.

மினுக்கன் பாறையில் கிடந்த சக்கரத்தையும் அதற்கு அப்பாலிருந்த பள்ளத்தையும் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நின்னது போதும்" என்றாள் காராயி. "சக்கரத்தைத் தூக்கிட்டு வா. நட்டு என்கிட்ட இருக்கு. ஸ்பேனர் என் வண்டியில இருக்கு. நான் தோளை எடுத்தா உன் வண்டி உருண்டு பள்ளத்துக்குப் போயிடும். அதனால நீதான் மேல போகணும். போய் என் வண்டியை ஓட்டிட்டு வா."

மினுக்கன் திகைத்தான். "உன் வண்டியையா? நானா?"

"வேற யாரு இருக்கா இங்க? போ!"

அவன் சக்கரத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுச் சரிவில் ஏறி மறைந்தான். பூவாத்தா காராயியின் காதருகே வந்தாள்.

"அக்கா, அவனை நம்பியா வண்டியை விடுறே? வேற குறுக்கு வழியில இறங்கி மானை ஏத்திக்கிட்டுப் போயிட்டான்னா?"

"குறுக்கு வழியில வண்டி இறங்காது. இந்த வழியாத்தான் வரணும்."

"நிறுத்தாம போயிட்டான்னா?"

காராயி தோளை மாற்றிக்கொண்டாள். பலகை அழுத்தியது. அவன் அப்படிச் செய்யக்கூடியவன்தான். இன்று காலை வரை செய்தவன்தான். ஆனால் பிரேக் பிடித்த அந்த நேரத்தில் அவன் முகத்தை அவள் பார்த்திருந்தாள்.

"நிறுத்துவான்" என்றாள்.

வெயில் ஏறியது. ஒரு குட்டி தண்ணீர் கேட்டது. மேலே பாதையில் சத்தமே இல்லை. கீழே மடுக்கரையிலிருந்து மான்கள் யாரையோ கூப்பிடும் குரல் லேசாகக் கேட்டது.

பிறகு காராயியின் வண்டி மணி அடித்தது. வண்டி இரண்டாம் வளைவு திரும்பி இறங்கி வந்தது. சரிவில் அது வேகமாகத்தான் வந்தது. பூவாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மினுக்கனுக்கு எதிரே பாதை திறந்து கிடந்தது.

வண்டி அவர்கள் அருகில் நின்றது. மினுக்கன் இறங்கி, இருக்கைக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினான்.

"நீயே முறுக்கு" என்றாள் காராயி. "நான் சொல்றேன், நீ செய். இனிமே தினமும் செய்யப்போறது நீதானே!"

அவன் சக்கரத்தை அச்சில் மாட்டினான். நட்டைப் பொருத்தினான். ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை இறுக்கமாகப் பிடித்து முறுக்கினான். காராயி தோளை எடுத்தாள். வண்டி நேராக நின்றது.

மினுக்கன் தலையைத் தூக்காமலே கேட்டான். "அத்தனை தடவை உன்னை ஏமாத்தினேனே அக்கா. பேசாம இருந்திருந்தா மான் சவாரி உனக்குத்தான். ஏன் சொன்னே?"

"சக்கரம் கழலுறதைப் பார்த்தேன், சொன்னேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் காராயி. "சொன்னது உன் காதுல ஏறலை. அது ஏறுறதுக்குத்தான் நடக்க வேண்டியதாப் போச்சு."

பூவாத்தா குட்டிகளைக் கூட்டிக்கொண்டு காராயியின் வண்டியில் ஏறினாள். மினுக்கன் தடுக்கவில்லை. அவர்களுடைய மூட்டைகளை அவனே தூக்கி வைத்தான். தன் வண்டியைப் பாதையோரம் தள்ளி வழிவிட்டான்.

"நீ முன்னால போ அக்கா" என்றான். "மான் வீட்டுக்காரங்க காத்திருப்பாங்க."

காராயி பெடலை மிதித்தாள். முழங்கால் எரிந்தது, தோள் வலித்தது, பசியும் இருந்தது. ஆனாலும் மூன்றாம் வளைவை அவள் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே திருப்பினாள். ஏழு ஜோடிக் காதுகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஆடின. அன்று அந்த மான் குடும்பத்தை மறுகரைக்கு ஏற்றிச் சென்றது அவளுடைய வண்டிதான்.

பிறருக்கு வரும் ஆபத்தைக் கண்டால் சொல்லியே ஆகவேண்டும். அவர் நம்ப மறுத்தால், நம்பும்படி சொல்லும் வழியைத் தேடுவதும் சொல்கிறவரின் கடமையே.