கேள்விக்கு ஏற்ற வார்டு

கோணமங்கலத்தில் ஒரு நர்சிங் பள்ளி உண்டு. பள்ளிக்கு ஒரு வார்டு, வார்டுக்கு ஒரே ஒரு நோயாளி. பெயர் செங்கேணி. தேங்காய் விழுமா விழாதா என்று மரத்தடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். விழுந்தது. ஒடிந்த கால் இப்போது கூடிவிட்டது. இன்று சாயங்காலம் அவர் மகளுக்குப் பேர் வைக்கிறார்கள். அப்பன்தான் காதில் பேரைச் சொல்ல வேண்டும். பெரிய சிஸ்டர் ஞானசௌந்தரி ஒரு கையெழுத்துப் போட்டால் கிளம்பிவிடலாம்.

"சிஸ்டரம்மா, அந்தக் கையெழுத்து..."

"பொறுங்க செங்கேணி. வெளிநாட்டுலேருந்து கேள்வித்தாள் வந்திருக்கு. அத முடிச்சுட்டுப் போடறேன்."

வார்டில் மாணவிகள் நன்றாகப் படிக்க முடிகிறதா என்று விசாரிக்கும் கேள்வித்தாள். கூடவே ஒரு குறிப்பு: 'உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். அர்த்தம் மட்டும் மாறக் கூடாது.'

"அர்த்தம் மாறக் கூடாதுன்னா கேள்வியத் தொடவே கூடாது சிஸ்டர்" என்றாள் மாணவி இருதயமேரி.

"எதையாவது மாத்தச் சொல்லியிருக்காங்களேடி!"

"அப்ப வார்டை மாத்திடுவோம்" என்றாள் இன்னொரு மாணவி பாக்கியம்.

செங்கேணிக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் கேள்வி: 'பனி கொட்டும்போதும் வார்டு இதமாக இருக்கிறதா?' கோணமங்கலத்தில் பனியாவது, கொட்டுவதாவது! பாக்கியம் மீன் மார்க்கெட்டுக்கு ஓடி ஒரு கூடை ஐஸ் வாங்கி வந்தாள். வெளியே கொட்டினால் வார்டுக்குத் தெரியாதே என்று ஜன்னல் வழியாக உள்ளே கொட்டினாள். ஜன்னலோரம் செங்கேணியின் கட்டில். ஐஸோடு இரண்டு சங்கரா மீனும் அவர் மடியில் விழுந்தன.

"இதமா இருக்கா அண்ணே?"

குளிரில் அவர் தலை மேலும் கீழும் ஆடியது.

"ஆமாங்கிறார்" என்று இருதயமேரி டிக் அடித்தாள்.

அடுத்தது: 'மேலதிகாரியும் மாணவிகளும் ஒரே மேஜையில் அமர்ந்து காபி குடிக்கிறார்களா?'

"நாம இதுவரைக்கும் நாற்காலியிலதானே உக்காந்தோம்" என்று பெரிய சிஸ்டர் வருத்தப்பட்டார். மூவரும் மருந்து மேஜை மேல் ஏறிச் சம்மணம் போட்டார்கள்.

"அண்ணே, காபிய எடுத்து நீட்டுங்க."

செங்கேணி மூன்றாவது டம்ளரை நீட்டியபோது மேஜையின் கால் முறிந்தது. கூடவே பெரிய சிஸ்டரின் காலும். செங்கேணி அவரைத் தூக்கித் தன் கட்டிலில் கிடத்தினார்.

"இப்பவாவது கையெழுத்து..."

"எப்படிய்யா போடறது? நானே இப்ப நோயாளி. ஒரு நோயாளி இன்னொரு நோயாளிய வீட்டுக்கு அனுப்ப முடியுமா?"

மறுக்க முடியாத பேச்சு. பாக்கியம்தான் வழி சொன்னாள்: "இந்த வார்டுல ராத்திரி பகல்னு பாக்காம கெடந்தது செங்கேணி அண்ணன்தான். அவரே இனிமே பெரிய சிஸ்டர்."

வெள்ளைத் தொப்பி செங்கேணியின் தலைக்கு ஏறியது. கையெழுத்துப் போடப் பேனாவை ஆவலாக எடுத்தார்.

"கடைசிக் கேள்வி பாக்கி இருக்குண்ணே" என்று இருதயமேரி வாசித்தாள்: "'வார்டின் தலைவர் வேலையை விட்டுவிட்டு இடையில் வீட்டுக்குப் போய்விடுவாரா?'"

செங்கேணிக்கு ரோஷம் வந்துவிட்டது. 'ஒருபோதும் இல்லை' என்பதில் அழுத்தி டிக் அடித்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் மனைவி கனியம்மா குழந்தையோடு வந்து நின்றாள்.

"ஊரே காத்துக் கெடக்கு, இங்க என்னய்யா பண்றே?"

"எனக்கும் வர ஆசைதான் புள்ள. பெரிய சிஸ்டர் விடமாட்டேங்கிறாங்களே."

"எவ அவ? கூப்புடு, நான் கேக்கறேன்!"

செங்கேணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"நான்தாம்மா. சத்தம் போடாதீங்க. பார்வையாளர் நேரம் முடிஞ்சுபோச்சு."