படத்துக்குப் பின்னால் பல்லி குடியேறிய கதை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. புனிதர்கள் விஷயம். படங்களில் பலர் காலடியில் அவரவர் பிராணி நிற்கும். ஒருவருடைய பிராணியைக் கொண்டுபோய் இன்னொருவர் காலடியில் விட்டுவிட்டால், பிறகு என் முழங்கால் வலிக்கு எந்த முகத்தோடு அவரிடம் போய் நிற்பேன்? இருந்தாலும் நாளை சகல புனிதர் திருநாள், பேர் தெரிந்தவர் தெரியாதவர் என்று மோட்சத்தில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாள். சொல்லிவிடுகிறேன்.

பிராணிகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரக் கோயில் ஒன்றில் ஞானாதிக்கம் என்று ஓர் உபதேசியார் இருந்தார். செபம் சொல்லிக்கொடுப்பதும் பீடத்தைத் துடைப்பதும் அவர்தான். சகல புனிதர் திருநாளுக்கு முந்தின நாள், அவர் வெளுத்து விரித்த பீடத்துணியில் யாரோ எச்சமிட்டிருந்தார்கள். மனிதருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"புனிதர் காலடியில இடம் உள்ள பிராணி மட்டும் இங்க இருக்கலாம். சாயங்காலம் மன்றாட்டு மாலை முடியறதுக்குள்ள மத்ததெல்லாம் வெளியே போயிரணும்!"

சேவலுக்குக் கவலை இல்லை, அது இராயப்பருடையது. பன்றி வனத்து அந்தோணியாருடையது. நாய் ரோக்குடையது. சிங்கம் எரோணிமுசுடையதா மாற்குவுடையதா என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம். நல்லவேளை, அந்த ஊரில் சிங்கம் இல்லை.

பல்லிக்குத்தான் யாருமே இல்லை. சுவர் இடுக்கில் அதன் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. வாசலில் பூனை உட்கார்ந்திருந்தது.

"படத்துல ஜார்ஜியார் குதிரைக்குக் கீழே நாலு காலோட பெரிய சர்ப்பம் ஒண்ணு கிடக்கே, அது எங்க பெரியப்பா" என்றது பல்லி.

சேவல் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. "ஒங்க பெரியப்பா வாயில ஈட்டி சொருகியிருக்கு, பார்த்தியா? அந்த இடம்தான் ஒனக்கு வேணுமா? போ, போ. வெளியே நல்லா காத்து வரும்."

சாயங்காலம் மன்றாட்டு மாலையில் உபதேசியார் ஒவ்வொரு புனிதர் பெயராகச் சொல்ல, சனங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். தன் புனிதர் பெயர் வந்ததும் அந்தந்தப் பிராணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. பெயர்கள் தீர்ந்துகொண்டே வந்தன. கடைசியில் அவர், "சகல புனிதர்களே, புனிதைகளே" என்றார்.

"நான் இருக்கேன்!" என்று சுவரிலிருந்து கத்தியது பல்லி.

செபம் நின்றுபோனது. சேவல் சிரித்த சிரிப்பில் ஒரு மெழுகுவர்த்தி அணைந்தது.

"நீ யாரோட பிராணி?" என்றார் உபதேசியார்.

"பேர் தெரியாத புனிதருங்களோட பிராணி."

"அவங்களுக்குச் சுரூபம் இல்ல, படமும் இல்ல. காலடி எங்கேருந்து வரும்?"

பல்லி வாலை ஆட்டி யோசித்தது. "அய்யா, ஒங்க அம்மா மோட்சத்துல இருக்காவளா?"

"என்ன பேச்சுப் பேசுத! எங்க அம்மா மோட்சத்துலதான் இருக்காவ!"

"அவிய திருநாள் என்னைக்கு?"

"நாளைக்கு."

"அவிய காலடியில எந்தப் பிராணி நிக்கும்?"

ஞானாதிக்கம் சேவலைப் பார்த்தார். சேவல் அவசரமாகத் தரையைக் கொத்தியது. அவர் சுவரில் மாட்டியிருந்த படம் ஒன்றைத் திருப்பினார். பின்பக்கம் வெறும் பலகை.

"முன்பக்கம் பேர் உள்ளவங்களுக்கு. பின்பக்கம் எங்க அம்மா மாதிரி ஆளுகளுக்கு. நீ அங்க இருந்துக்கோ. ஆனா பீடத்துணி பக்கம் வந்தே, பூனையைக் கூப்பிட்டுருவேன்."

அப்படி அங்கே புகுந்த பல்லிதான், இன்று எந்தப் புனிதர் படத்தை அசைத்தாலும் பின்னாலிருந்து ஓடுகிறது. செபத்தின் நடுவே இச் இச் என்பதும் அந்த "நான் இருக்கேன்" தான்.

எழுதி முடித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. யார் பெயரையாவது மாற்றிச் சொல்லியிருந்தால்? எங்கள் வீட்டுப் படத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். முன்னால் மட்டும் வைத்தால் பின்னால் இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பின்னால் வைத்தால் படம் பற்றிக்கொள்ளும். அதனால் ஓரமாக, இரண்டு பக்கமும் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன்.