நெடுவாலன் நேராக உட்கார்ந்த கதை

இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருந்த ஒரு காட்டில் வெண்காலி என்ற பெண் குதிரை வாழ்ந்து வந்தது. நான்கு கால்களும் முழங்கால் வரை வெளுத்திருந்ததால் அதற்கு அந்தப் பெயர். ஓட்டத்தில் அதை மிஞ்ச அங்கே யாரும் இல்லை. ஆனாலும் குழந்தைகளே, அந்த வருடம் வெண்காலியைப் போல் நொந்துபோன பிராணி அந்தக் காட்டில் வேறு எதுவும் இருந்திருக்காது. அதற்கான காரணம் அதன் முதுகின்மேலேயே உட்கார்ந்திருந்தது.

அந்தக் காரணத்தின் பெயர் நெடுவாலன். அது கருத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட ஒரு குரங்கு.

குதிரையும் குரங்கும் ஏன் சேர்ந்தன? காட்டின் நடுவே ஓர் ஆறு, ஆற்றின் நடுவே ஒரு புல்திட்டு. கோடை முடியும் சமயத்தில் புள்ளிமான்கள் அந்தத் திட்டில்தான் குட்டி போடும். மேற்குக் குன்றுக்கு அப்பால் மழை கொட்டினால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் செந்நீர் வெள்ளம் புரண்டு வந்துவிடும். அதை முதலில் பார்க்கக்கூடியது குன்றின் உச்சி மரத்தில் இருக்கும் குரங்குதான். மான்களுக்குப் புரிவதும் குரங்கின் எச்சரிக்கைக் குரல்தான். குதிரை கனைத்தால், “பாவம், பசிக்கிறது போலிருக்கிறது” என்று மான்கள் திரும்பவும் மேயப் போய்விடும்.

ஆனால் குன்றுக்கும் ஆற்றுக்கும் இடையே மரமே இல்லாத நீண்ட பொட்டல் வெளி. குரங்கு தரையில் ஓடினால், அது போய்ச் சேர்வதற்குள் வெள்ளம் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் காட்டின் தலைவரான கரடியார், பார்க்கவும் கத்தவும் நெடுவாலன், ஓடுவதற்கு வெண்காலி என்று ஏற்பாடு செய்தார்.

ஏற்பாட்டில் குற்றம் இல்லை. நெடுவாலன் உட்கார்ந்த விதத்தில்தான் இருந்தது குற்றமெல்லாம்.

நனைந்த சாக்கு மூட்டையைத் தூக்கிப் போட்டது போல் அது உட்காரும். முதுகு கூனியிருக்கும், வயிறு சரிந்திருக்கும், தலை தொங்கிக்கொண்டிருக்கும். கண் குதிரையின் பிடரியையே பார்த்துக்கொண்டிருக்கும். வெண்காலி ஓர் அடி வைத்தால் முதுகில் தொப்பென்று ஒரு குத்து விழும். ஓடத் தொடங்கினால் தொப், தொப், தொப். விழாமலிருக்க நெடுவாலன் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும். கடிவாளத்தை இழுத்தால் குதிரை நிற்கத்தானே செய்யும்? நின்றால் விலாவில் குதிகாலால் ஓர் உதை.

“ஏன் நிற்கிறாய்? ஓடு!”

“என் வாயிடம் நில் என்கிறாய், என் விலாவிடம் ஓடு என்கிறாய். நான் எந்தப் பேச்சைக் கேட்பது?” என்றது வெண்காலி. “முதலில் நிமிர்ந்து உட்கார். வயிற்றில் கொஞ்சம் உறுதி இருக்கட்டும். இடது பக்கம் சாயாதே.”

“உட்காருவது எப்படி என்று ஒரு குரங்குக்கே சொல்லித் தருகிறாயா? பிறந்ததிலிருந்து நான் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன்!”

வெண்காலி மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டது. அன்று அது விட்ட ஏழாவது பெருமூச்சு.

நெடுவாலன் கரடியாரிடம் போய், “சேணம் சரியில்லை” என்றது. தையல்சிட்டு வாழை நாரும் இலவம் பஞ்சும் வைத்துப் புதுச் சேணம் தைத்துக் கொடுத்தது. குலுக்கல் நிற்கவில்லை.

“பச்சைப் புல் தின்பதால்தான் இந்தக் குதிரை இப்படித் துள்ளுகிறது” என்றது நெடுவாலன். சுற்றிலும் புல் பசுமையாக அசைந்துகொண்டிருக்க, வெண்காலி ஐந்து நாள் காய்ந்த சருகைத் தின்றது. குலுக்கல் நிற்கவில்லை.

“பாதையில் கல் இருக்கிறது” என்றது. முள்ளம்பன்றிகள் குடும்பத்தோடு வந்து கல் பொறுக்கின. அப்போதும் குலுக்கல் நிற்கவில்லை. சேணம் மாறியது, தீனி மாறியது, பாதையும் மாறியது. நெடுவாலன் உட்காருவது மட்டும் மாறவே இல்லை. வெண்காலியின் முதுகில் இடது பக்கம் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது.

மழைக்காலம் நெருங்கியது. கரடியார் ஓர் ஒத்திகை வைத்தார். குன்றிலிருந்து புறப்பட்டு, ஆற்றங்கரை ஆலமரத்தின் நிழல் பக்கத்திலிருக்கும் பாறையைத் தொடுவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும்.

புறப்பட்டன. நெடுவாலன் இடது பக்கம் சாய்ந்ததால் வெண்காலியும் இடது பக்கமே ஒதுங்கி ஒதுங்கி ஓடியது. பொட்டலின் பாதியில் ஒரு பள்ள ஓடை. வெண்காலி தாவியது. அது அந்தப் பக்கம் போய் இறங்கியபோது முதுகில் யாரும் இல்லை. நெடுவாலன் இந்தப் பக்கத்து இலந்தைப் புதரில் கிடந்தது.

ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கி, மறுபடி ஏறி, இரண்டும் கரைக்கு வந்தபோது நிழல் பாறையைத் தாண்டிப் போயிருந்தது.

“குதிரை மோசம், கரடியாரே” என்றது நெடுவாலன், வாலைத் தடவிக்கொண்டே. “நேராக ஓடத் தெரியவில்லை. என்னைத் தூக்கி எறிகிறது.”

கரடியார் தாடையைச் சொறிந்தார். “பத்து நாள் தருகிறேன். அடுத்த ஒத்திகையிலும் பிந்தினால் கோவேறு கழுதையை வைத்துக்கொள்வோம். வெண்காலி, நீ வேறு காடு பார்த்துக்கொள்.”

வேறு காடு என்றால் குன்றுக்கு அந்தப் பக்கம். அங்கே ஓநாய்கள் கூட்டமாகத் திரியும். தனிக் குதிரை அங்கே எத்தனை நாள் இருக்கும்? வெண்காலிக்குப் பயத்தை விட ஆத்திரம்தான் அதிகம். உட்காரத் தெரியாதது ஒன்று, ஊரை விட்டுப் போவது இன்னொன்றா?

மறுநாள் காலை நெடுவாலனிடம் கேட்டது: “என் முதுகைப் பார்த்தாயா? நான் சுமப்பது உனக்குக் கொஞ்சமாவது தெரிகிறதா?”

“சுமப்பது ஒரு பெரிய வேலையா? முதுகு இருக்கிறவர்கள் எல்லாரும் சுமக்கலாம்.”

வெண்காலி சட்டென்று தன் கோபத்தை விழுங்கிக்கொண்டது.

“அப்படியா? நல்லதாகப் போயிற்று. செதிலப்பனுக்குக் காலில் அடிபட்டிருக்கிறது. மேட்டுப் புற்று வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எனக்கோ முதுகில் புண். நீயே கொண்டுபோய் விடேன்.”

செதிலப்பன் ஓர் எறும்புத்தின்னி. இரவெல்லாம் கறையான் தேடும், பகலெல்லாம் தூங்கும். அன்று பசியால் இன்னும் விழித்திருந்தது. நெடுவாலனின் முதுகில் ஏறி, தோளைப் பிடித்துக்கொண்டு நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

“இவ்வளவுதானா?” என்று நெடுவாலன் துள்ளி நடந்தது. வெண்காலி ஒரு புல்லை மென்றபடி பக்கத்திலேயே வந்தது.

வெயில் ஏறியது. செதிலப்பனுக்குக் கண் சொருகியது. தலை தொங்கியது, உடம்பு தளர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சரிந்தது. நெடுவாலன் ஓர் அடி வைத்தால் முதுகில் தொப்பென்று ஒரு குத்து. விழப்போகும் போதெல்லாம் செதிலப்பன் தூக்கத்திலேயே கழுத்தைப் பிடித்து இழுத்தது. நெடுவாலன் பாதையை விட்டு இடது பக்கம் போய், ஒரு கள்ளிச் செடியில் மோதிக்கொண்டது.

“ஐயா! கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்!” என்று அலறியது.

செதிலப்பன் அரைக் கண் திறந்தது. “நான் நிமிர்ந்துதான் இருக்கிறேன், தம்பி. உன் முதுகுதான் கோணல். ரொம்பக் குலுக்கவும் செய்கிறது. இங்கே வேறு முதுகு ஏதாவது கிடைக்குமா?”

நெடுவாலன் ஓரக்கண்ணால் வெண்காலியைப் பார்த்தது. வெண்காலி எங்கோ பறக்கும் ஒரு கொக்கை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

எப்படியோ செதிலப்பனைப் புற்றில் இறக்கிவிட்டு, நெடுவாலன் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தது.

“ஏறும்போது இவ்வளவு கனக்கவில்லையே?” என்றது கடைசியில்.

“கனம் கூடவில்லை. முதலில் அவர் தன் உடம்பைத் தானே தாங்கிக்கொண்டு இருந்தார். பிறகு அதையும் உன் மேலேயே போட்டுவிட்டார்.”

நெடுவாலன் மெல்லக் கேட்டது: “நான் எப்படி உட்கார வேண்டும்?”

இனி எல்லாம் சுலபம் என்று வெண்காலி நினைத்தது. அதுதான் தவறு. மறுநாள் நெடுவாலன் உலக்கையை விழுங்கியது போல் விறைத்து உட்கார்ந்தது.

“நிமிர்ந்து உட்கார் என்றால் விறைத்து உட்கார் என்றா சொன்னேன்? தோளுக்கு நேர்கீழே இடுப்பு, இடுப்புக்கு நேர்கீழே குதிகால். பார்வை என் காதுகளுக்கு நடுவே தூரத்தில் இருக்கட்டும். வயிற்றை இறுக்கு. ஐயோ, மூச்சை ஏன் அடக்குகிறாய்? தண்ணீருக்குள்ளா போகிறோம்?”

“வயிற்றை இறுக்கினால் மூச்சு நிற்கிறது. மூச்சு விட்டால் வயிறு சரிகிறது!”

“அப்படியானால் வயிற்றில் வலு இல்லை என்று அர்த்தம். மரத்தில் ஏறு.”

நெடுவாலன் கிளையைப் பிடித்துத் தொங்கி, இரண்டு கால்களையும் முழங்கால் நெஞ்சில் படும்வரை தூக்கியது. பத்து முறை. பிறகு காற்றில் ஆடும் கிளையில் கையால் பிடிக்காமல் உட்கார்ந்தது. அதற்கும் பிறகு, கைகளைக் கட்டிக்கொண்டு வெண்காலியின் முதுகில் சுற்றி வந்தது. முதல் நாள் நான்கு முறை விழுந்தது. இரண்டாம் நாள் ஆறு முறை விழுந்தது. மூன்றாம் நாள் வயிறு அப்படி வலித்ததால், ஓணான் சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்க முடியாமல் அழுதது.

“இடது தோள்!” என்று வெண்காலி நாளெல்லாம் கத்தியது. “இடது தோள்! மறுபடியும் இடது தோள்! இதை இன்னும் எத்தனை தரம்தான் சொல்வது?” சொல்லிச் சொல்லி அதற்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஒத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போதே, ஆறாம் நாள் நண்பகலில் அது நடந்தது. உச்சி மரத்தில் தொங்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்த நெடுவாலன் மேற்கே பார்த்தது. மலை இடுக்கில் செந்நீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு இறங்கி வந்தது.

“வெண்காலி! தண்ணீர்!”

மரத்திலிருந்து நேராக அதன் முதுகில் குதித்தது. வெண்காலி பாய்ந்தது.

பொட்டல் வெளியில் வெயில் கொளுத்தியது. மறுகோடியில் ஆறு ஒன்றும் அறியாதது போல் மின்னிக்கொண்டிருந்தது. வெண்காலி நேராக ஓடியது. கடிவாளம் வாயை அறுக்கவில்லை. விலாவில் உதை விழவில்லை. பள்ள ஓடை வந்தது. வெண்காலி தாவியது, இறங்கியது. உடனே அதற்குத் திக்கென்றது. முதுகில் யாருமே இல்லாதது போல் அவ்வளவு லேசாக இருந்தது.

“விழுந்துவிட்டதா? இந்த நேரத்திலா?” என்று காதைப் பின்னால் திருப்பியது.

“இருக்கிறேன், இருக்கிறேன்! நிற்காமல் ஓடு!” என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

வெண்காலி அதுவரை தன் ஆயுளில் ஓடாத ஓட்டம் ஓடியது.

கரைக்கு வந்ததும் நெடுவாலன் நெஞ்சு வெடிக்கக் கத்தியது. புல்திட்டில் மான்கள் சட்டென்று தலை தூக்கின. அடுத்த நொடி குட்டிகளை முன்னே விட்டுத் தண்ணீரில் இறங்கின. அன்று காலையில்தான் பிறந்த ஒரு குட்டி, கால் மடங்கி நடு ஆற்றில் தடுமாறியது. தாய் மான் அதை மூக்கால் தள்ளியது, மறுபடி தள்ளியது. வெண்காலி மார்பளவு நீரில் இறங்கிக் குறுக்கே நின்றது. நெடுவாலன் ஒரு காலை இறுக்கி, ஒரு பக்கமாகக் குனிந்து, குட்டியின் கழுத்தைப் பிடித்துக் கரைப் பக்கம் இழுத்துவிட்டது. குனிந்தது, ஆனால் கவிழவில்லை.

குட்டியும் தாயும் கரையேறின. வெண்காலியும் ஏறியது. பின்னாலேயே செந்நீர் இரைந்துகொண்டு வந்து புல்திட்டை ஒரே வாயில் விழுங்கியது.

சத்தம் கேட்டுக் கரடியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். நனைந்த மான்களைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். பிறகு நெடுவாலனின் தோளைத் தட்டினார்.

“சபாஷ்! குதிரையை எப்படியோ திருத்திவிட்டாயே!”

வெண்காலி கண்ணை மூடிக்கொண்டது. இதோ, நெடுவாலன் நெஞ்சை நிமிர்த்தப் போகிறது, “ஆமாம், கரடியாரே” என்று சொல்லப் போகிறது.

நெடுவாலன் முதுகிலிருந்து இறங்கியது. எல்லா மிருகங்களும் கேட்கும்படி சொன்னது:

“குதிரை அன்றைக்கும் நன்றாகத்தான் ஓடியது, கரடியாரே. நான்தான் சரியாக உட்காரவில்லை. பொய்யாகக் குறை சொல்லி இதன் இடத்தைப் பறிக்கப் பார்த்தேன்.”

கரடியார் தாடையைச் சொறிந்தார். “அப்படியானால் தீர்ப்புச் சொன்ன நானும் சரியாகப் பார்க்கவில்லை” என்று வெண்காலியின் முன் தலை குனிந்தார். “நீ எங்கும் போக வேண்டாம், அம்மா.”

வெண்காலி மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டது. அந்த வருடம் அது விட்ட எத்தனையோ பெருமூச்சுகளில், இது ஒன்றில்தான் அலுப்பு இல்லை.

நீதி: நம்மைச் சுமப்பவரைக் குறை சொல்லும் முன், நம்மை நாமே எவ்வளவு தாங்கிக்கொள்கிறோம் என்று பார்க்க வேண்டும்.