மரத்தில் முளைத்த காது

அந்தக் காலத்தில் மரமும் பேசும், ஆடும் பேசும், ஆறும் பேசும். ஆறு கொஞ்சம் அதிகமாகவே பேசும். மழைக்காலம் வந்துவிட்டால் வேறு யாரையும் வாய் திறக்க விடாது. மரத்துக்குள் குடியிருந்த காளானுக்கும் பேச்சு உண்டுதான். ஆனால் இன்றைக்கு இருக்கிற மாதிரி குடையோ தட்டோ அதற்கு அப்போது கிடையாது. வெறும் வெள்ளை நூலாக மரத்தின் வயிற்றுக்குள் கிடக்கும். உள்ளேயே தின்னும், உள்ளேயே தூங்கும். அப்படி ஒன்று இருப்பதே மனுஷருக்குத் தெரியாது.

ஆற்றின் இக்கரையில் நல்லக்காள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் வெயிலுமுத்து ஆடு மேய்க்கிறவன். வருஷா வருஷம் கோடையில் தண்ணீர் வற்றியதும் ஆடுகளை அக்கரைக்கு ஓட்டிப் போவான். மழைக்கு முன்னால் திரும்பிவிடுவான். அந்த வருஷம் ஆற்றுக்கு என்ன அவசரமோ, ஒரு மாதம் முந்திக்கொண்டு கரை புரண்டு வந்துவிட்டது. அவன் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டான்.

இதில் இன்னொரு சங்கதி கேளுங்கள். அவன் புறப்பட்டுப் போன பிறகுதான் நல்லக்காளுக்குத் தான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து! சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல் அந்தச் சேதியை எத்தனை நாள்தான் தனியாகச் சுமப்பாள், பாவம்?

தினமும் காலையில் கரைக்கு ஓடுவாள். எதிர்க்கரையில் அவனும் வந்து நிற்பான்.

“ஏங்க! நாம இனிமே மூணு பேரு!” என்று தொண்டை கிழியக் கத்துவாள்.

அவன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, “என்னது?” என்பான். அதுவும் அவளுக்குக் கேட்காது; வாய் அசைவதுதான் தெரியும். ஒருநாள் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் புத்திசாலி, மூன்று ஆடு காணாமல் போய்விட்டதா என்று கேட்பதாக நினைத்து, எல்லா ஆட்டையும் வரிசையாக நிறுத்தி எண்ணிக் காட்டினான். நல்லக்காள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவனைத் தொட்டுப் பேச வேண்டும் போல இருந்தது.

‘ஆறு வடியும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. தோணி குடைந்துவிட வேண்டியதுதான்’ என்று முடிவு செய்தாள்.

கரையில் பெரிய இலவமரம் ஒன்று நின்றது. மரம் வெட்டுவதற்கு அந்தக் காலத்தில் ஒரு முறை உண்டு. கோடாரியை மரத்தின் காலடியில் வைத்து, ‘உள்ளும் புறமும் நல்லாயிருக்கியா?’ என்று மூன்று தரம் கேட்க வேண்டும். மூன்று தரமும் ‘ஆமா’ என்று பதில் வந்தால் வெட்டலாம். தட்டிப் பார்ப்பதோ பட்டையைக் கீறிப் பார்ப்பதோ கூடவே கூடாது. பேசுகிற மரத்தை நம்பாமல் சோதிப்பது பெரிய அவமரியாதை. எந்த மரமும் அதுவரை பொய் சொன்னதும் இல்லை.

ஆனால் இந்த இலவமரத்துக்கு ஒரு ஏக்கம் இருந்தது. முன்னூறு வருஷமாக ஒரே இடத்தில் நின்று, போகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த மரம் அது. தண்ணீர் எங்கேதான் போகிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆற்றில் விழுந்து மிதந்து போகிற தன் இலைகளைப் பார்த்தே பொறாமைப்படும். அது கிடக்கட்டும்.

நல்லக்காள் கேட்டாள். “ஆமா” என்றது. மறுபடி கேட்டாள். “ஆமா” என்றது. மூன்றாம் தரம் கேட்டபோது ஆற்றில் மிதந்து போகிற தன் இலையைப் பார்த்தது.

“ஆமா, தாயி. என்னைத் தோணியாக்கு” என்றது பிறகு.

மூன்று நாள் வெட்டிச் சாய்த்தாள். குடைய ஆரம்பித்தபோது கோடாரி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பஞ்சுபோல மரம் கையோடு வந்தது; நடுவில் வெள்ளை நூல்கள் ஓடின. பத்து நாள் வேலை நான்கே நாளில் முடிந்துவிட்டது. ‘வயித்துப்பிள்ளைக்காரின்னு எனக்காக இளகிக் குடுக்குது’ என்று நினைத்து, உள்ளம் குளிர்ந்து மரத்தைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

மறுநாளே தோணியைத் தள்ளி ஏறினாள். அக்கரையில் வெயிலுமுத்து கையை ஆட்டினான். பாதி ஆறு தாண்டியதும் அவன் முகம் தெரிந்தது. தாடி வளர்த்திருந்தான். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு கத்தினாள்.

“ஏங்க! உங்களுக்குப் பிள்ளை பொறக்கப் போகுது!”

அவன் காதில் கையை வைத்தான். அதே நேரத்தில் தோணி நெடுக்கப் பிளந்தது. அவள் தண்ணீருக்குள் போகும்முன் கடைசியாகப் பார்த்தது, அவன் ஆற்றில் குதித்ததைத்தான்.

கண் விழித்தபோது இக்கரையிலேயே வெகுதூரம் கீழே ஒதுங்கிக் கிடந்தாள். தோணியின் உடைந்த துண்டு ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தாள். வயிற்றில் பிள்ளை அசைந்தது. அந்தத் துண்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று அழுதது.

“யாரது?”

“நாந்தான் தாயி, மரத்துக்குள்ள இருந்த காளான். நீ மூணு தரம் கேட்டப்பவும் ‘நல்லாயில்லை, பாதியை நான் தின்னுட்டேன்’னு கத்தினேன். என் சத்தம் பட்டையைத் தாண்டலை.”

“பாவி! வெளியே வந்து முகத்தைக் காட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“எனக்கு முகமே இல்லையே தாயி. எதைக் காட்டுவேன்?”

அவள் துண்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஆறு வடிந்ததும் அக்கரைக்குப் போனாள். ஆடுகள் இருந்தன. அவன் கம்பு இருந்தது. அவன் இல்லை.

“குதிச்சாரு, அக்கா. அப்புறம் வரலை” என்றன ஆடுகள்.

“நான் சொன்னது அவருக்குக் கேட்டுச்சா? கேட்டுட்டுக் குதிச்சாரா, தோணி உடைஞ்சதைப் பாத்துக் குதிச்சாரா?”

“தெரியலையே அக்கா. காதுல கை வச்சிருந்தாரு. அது மட்டுந்தான் பார்த்தோம்.”

அன்றைக்கே திரும்பி வந்தாள். கொல்லையில் போட்டிருந்த மரத்துண்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

“முகம் இல்லைன்னியே, இந்தா பார்த்துக்க” என்று சொல்லி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, அவன் நின்ற மாதிரியே நின்று காட்டினாள். “இதை வச்சுக்க. வெட்ட வர்றவனுக்கு நீ உள்ளே இருக்கிறது தெரியட்டும். எனக்கும் ஒரு உதவி செய். வெயில்ல சுருண்டு தூங்கு, மழை வந்ததும் முழிச்சிரு. அவரு எங்க இருந்தாலும், ஆறு பெருகுற நாள்லதான் என்னைத் தேடிக் கூப்பிடுவாரு. ஆத்துச் சத்தத்துல என் காதுக்குக் கேக்காது. நீ கேட்டுச் சொல்லு.”

மறுநாள் மழை பெய்தது. மரத்துண்டில் பழுப்பு நிறத்தில், மெத்தென்று, ஒரு காது விரிந்தது. நல்லக்காள் அதன் அருகே குனிந்து, “நாம இனிமே மூணு பேரு” என்று மெதுவாகச் சொன்னாள். பிள்ளை பிறந்து பேச்சு வந்ததும், ஒவ்வொரு மழைக்கும் அதைக் கூட்டிவந்து, “அப்பான்னு கூப்பிடு” என்று அந்தக் காதில் சொல்ல வைத்தாள்.

இதைக் கேள்விப்பட்ட மற்றக் காளான்களும் சும்மா இருக்குமா? ஒன்று குளம்பு மாதிரி, ஒன்று தட்டு மாதிரி, ஒன்று விரல் மாதிரி என்று ஆளுக்கொரு முகத்தோடு பட்டையைத் துளைத்து வெளியே வந்தன. மரங்களோ இலவமரம் சொன்ன பொய்யை நினைத்து வெட்கப்பட்டு வாயை மூடியவைதான்; பிறகு பேசவே இல்லை. அதனால் மரம் வெட்டுகிறவர்கள் கேட்பதை விட்டுவிட்டு, அடியிலிருந்து நுனிவரை சுற்றிப் பார்க்கவும் தட்டிப் பார்க்கவும் பழகிக்கொண்டார்கள்.

அந்தக் காது மட்டும் தன் வேலையை இன்னும் விடவில்லை. வெயிலில் கருகிச் சுருண்டு கிடந்தாலும், ஒரு மழை விழுந்ததும் பட்ட மரங்களில் மரக்காதுக் காளான் மறுபடி விரிந்து, “என்னது?” என்று கேட்கிற மாதிரி நிற்பது அன்று தொட்டுத்தான்.