பச்சைப் பொத்தான்

"கொடுக்கும்போது ஆளோட முகத்தை..." என்று ஏதோ சொல்வார் கலியபெருமாளின் பெரியப்பா. கல்யாணப் பந்திகளில் பரிமாறுகிறவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்வது. முகத்தைப் பார் என்றாரா, பார்க்காதே என்றாரா, அது கலியபெருமாளுக்கு மறந்துவிட்டது. பார்க்காதே என்றுதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருந்தார். வாங்குகிறவர் கூசக் கூடாது அல்லவா.

மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு, ஐம்பது வயதை நெருங்கும்போது புதுச்சேரிக்குத் திரும்பியவர் அவர். வந்ததும் பேஸ் கிதார் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். வீட்டில் சிரித்தார்கள்.

சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டவர் பிலவேந்திரன். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு பாரில் சாக்ஸபோன் வாசிக்கிறவர். சீடரைவிட வயதில் இளையவர். சீடர் குருவை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார். குரு சீடரை 'சார்' என்று கூப்பிட்டார்.

முதல் நாள் கலியபெருமாள் கேட்டார்.

"என்ன வாசிக்கணும் மாஸ்டர்?"

"ஒண்ணும் வாசிக்காதீங்க சார். நான் வாசிக்கறேன். நான் எங்கெங்க மூச்சு வாங்கறேன்னு மட்டும் பாத்துக்கிட்டிருங்க."

கலியபெருமாள் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு பல வாரங்கள் சும்மா உட்கார்ந்திருந்தார். "சும்மா உக்காரதுக்கு மஸ்கட்லயே இருந்திருக்கலாமே" என்றாள் அவர் மனைவி.

பிறகு வாசிக்கவிட்டார் மாஸ்டர். வாசித்து முடித்ததும் தலையை ஆட்டினார்.

"விரல் சுத்தமா இருக்கு. ஆனா நான் மூச்சு வாங்கற எடத்துல எல்லாம் நீங்க வாசிக்கறீங்க."

"வெறுமனே விட்டா நல்லா இருக்குமா மாஸ்டர்?"

"அந்த எடத்தை மிதிக்காம இருந்தா நல்லா இருக்கும் சார்."

பாடத்துக்கு மாஸ்டர் பணம் வாங்கவில்லை. வேட்டி வாங்கிக் கொடுத்தபோது திருப்பிக் கொடுத்துவிட்டார். கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுபோனால் அதில் பாதியை வெட்டி அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார். "நீங்க நல்லா வாசிச்சா எனக்கு ஒரு பேஸ் ஆள் கெடைப்பாரு. அது போதும்."

அப்படித்தான் கலியபெருமாள் அந்த பாரில் மேடை ஏறினார். மாஸ்டர், டிரம்ஸ் வாசிக்கும் மதியழகன், பாடகி ஷர்மிளா, அவர் என்று நாலு பேர்.

பாரில் ஒரு வழக்கம் இருந்தது. வாசிக்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு ராத்திரிச் சாப்பாடு உண்டு. அதோடு ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் வில்லையும் தருவார்கள். கோட்டுப் பொத்தான் அளவில், பச்சை நிறத்தில் இருக்கும். கவுண்டரில் ஒன்றை வைத்தால் ஒரு பெக் ஊற்றுவார்கள். மறுநாள் அது செல்லாது. காசாக மாற்றவும் முடியாது. மேடைக்காரர்கள் அதைப் பொத்தான் என்றே சொல்வார்கள்.

கலியபெருமாள் குடிப்பதில்லை. முதல் நாளே தன் பொத்தான் இரண்டையும், திறந்து கிடந்த சாக்ஸபோன் பெட்டியின் வெல்வெட் துணிமேல் வைத்துவிட்டு நகர்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஒரு சுற்று போய்விட்டு வந்தபோது பெட்டியில் பொத்தான் இல்லை.

எதையும் வாங்காத மனிதர் இதையாவது எடுத்துக்கொண்டாரே என்று அவருக்கு மனம் நிறைந்தது.

"என்னா சார், தட்டுல தட்சிணை போட்டுட்டீங்களா? விபூதி குடுத்தாரா?" என்றான் மதியழகன்.

கலியபெருமாள் சிரித்தார். மறுநாளும் வைத்தார். அதற்கு மறுநாளும். அவரைப் பார்த்து ஷர்மிளாவும் தன் பொத்தான்களை அந்தப் பெட்டியிலேயே வைக்கத் தொடங்கினாள்.

எப்போதும் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வருகிற மாஸ்டர், ஒருநாள் ரப்பர் செருப்போடு வந்தார்.

"ஷூ எங்க மாஸ்டர்?"

"சின்னதாயிடுச்சி சார். மழையில சுருங்கிப்போச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். அந்த மாதம் மழையே பெய்யவில்லை.

டிசம்பர் கூட்டம் வருவதற்கு முன்பு புது ஒப்பந்தம் போடுவார்கள். அந்த முறை மாஸ்டர் மேனேஜர் அறைக்குப் போகவில்லை.

"இனிமே நீங்க போய்ப் பேசுங்க சார். லீடர் நீங்கதான்."

"நானா? எனக்கு இப்பத்தானே வாசிக்கவே வருது."

"வாசிக்கறதுக்கு இல்ல. பேசறதுக்கு."

மேனேஜர் வினோதினி மரியாதை தெரிந்த பெண். காபி வரவழைத்தாள். பிறகு கையை விரித்தாள்.

"சம்பளம் ஏத்த மேல ஒத்துக்க மாட்டாங்க சார். ஆனா ஒண்ணு செய்யறேன். பொத்தானை ரெண்டுலேர்ந்து நாலாக்கித் தர்றேன். சரக்கு எங்களுக்கு அடக்க விலை. அதை யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்குச் சாயந்தரம் கையெழுத்துப் போட்டுடுங்க."

வெளியே வந்து சொன்னபோது மதியழகன் விசிலடித்தான். "லீடர்னா இப்படி இருக்கணும்! வந்த அன்னிக்கே டபுள்!"

மாஸ்டர் துணியால் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கலியபெருமாள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். மாஸ்டரின் மனைவி செலின். வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா."

"இருக்கட்டும்ண்ணா. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

"சொல்லு."

"அவருக்கு ஈரல் கெட்டுப்போச்சின்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்லையே."

"சொல்ல மாட்டாரு. இனிமே ஒரு சொட்டு கூடாதுன்னாரு டாக்டர். அவரைப் பாத்துச் சொல்லல. என்னைப் பாத்துச் சொன்னாரு."

கலியபெருமாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவரு மாதா முன்னாடி சத்தியம் பண்ணியிருக்காருண்ணா. என் சம்பளத்துல ஒரு ரூபா குடிக்குப் போவாதுன்னு. போவல. கவரைப் பிரிக்கறதுகூட இல்ல, அப்படியே எங்கிட்ட குடுக்கறாரு. கடன் வாங்கற ஆளும் கிடையாது, விசாரிச்சிட்டேன். ஆனா தெனமும் குடிச்சிட்டுத்தான் வர்றாரு. கேட்டா, சத்தியத்தை மீறலன்றாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியும்." அவள் குரல் இறங்கியது. "அப்ப எங்கேர்ந்துதாண்ணா வருது?"

கலியபெருமாள் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, தம்ளர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் திரும்பி வந்தபோது செலின் அவர் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தம்ளரை வாங்கி, குடிக்காமல், வாசல் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயந்தரம் வெளிச்சம் இருக்கும்போதே கலியபெருமாள் பாருக்குப் போய்விட்டார். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. தரை துடைத்த ஈரம் காயவில்லை. கவுண்டரில் அன்றைய பொத்தான் இரண்டை அவரிடம் கொடுத்தார்கள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாஸ்டர் மேடையில் தனியாக உட்கார்ந்து, சாக்ஸபோனில் மாட்டுகிற மெல்லிய நாணல் பட்டையை நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார்.

"செலின் வந்துச்சா சார்?"

"வந்துச்சு."

"தண்ணி குடுத்தீங்களா?"

"குடுத்தேன். குடிக்கல."

"கோவம் இருந்தா குடிக்காது."

கலியபெருமாள் எதிரில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், நான் குடுத்த வேட்டியை வேணாம்னீங்க. பணத்தை வேணாம்னீங்க. இதை மட்டும் ஏன் வேணாம்னு சொல்லல?"

மாஸ்டர் நாணல் பட்டையை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னைக்குப் பொத்தான் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

"குடுங்க."

கலியபெருமாள் பையிலிருந்து எடுத்தார். பழக்கத்தில் கை பெட்டியின் பக்கம் போனது.

"அங்க வேணாம் சார். எங்கையில குடுங்க."

மாஸ்டர் வலது கையை நீட்டினார். கை நடுங்கியது. அதை அவர் மறைக்கவில்லை.

கலியபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டரின் வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. ரப்பர் செருப்பில் பாதம் மட்டும் வீங்கிப் பிதுங்கியிருந்தது. எவ்வளவு நாளாக இப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. தினமும் ஒரே மேடையில் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

"குடுங்க சார்."

பொத்தான்கள் கலியபெருமாளின் உள்ளங்கைக்குள் இருந்தன. விரல் பிரியவில்லை.

"முடியல மாஸ்டர்."

"எனக்கும் அதேதான் சார். நீட்டின கையை மடக்கிப் பாத்தேன். மடங்கல."

நீட்டிய கை அப்படியே இருந்தது. கலியபெருமாள் பொத்தான்களை மறுபடி தன் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மாஸ்டர் கையை இறக்கினார். முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பொத்தானே வேணாம்னு எழுதிடட்டுமா?"

"மதி கத்துவான்."

"கத்தட்டும். நீங்க வருவீங்களா? பொத்தான் இல்லன்னா வாசிக்க வருவீங்களா?"

மாஸ்டர் யோசித்தார். கேட்டதற்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று யோசிப்பவர் போல இருந்தார்.

"தெரியல சார். பக்கத்துத் தெரு ஓட்டல்ல கூப்பிடறாங்க. அங்க வாசிக்கறவனுக்கு ஊத்தறதுக்குக் கணக்கே கெடையாதாம்."

"போயிடுவீங்களா?"

"நான் போவ மாட்டேன். காலு போனா என்ன பண்றது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கலியபெருமாளால் சிரிக்க முடியவில்லை.

"எழுதினா உங்களை இழந்துடுவேன். எழுதலன்னாலும் இழந்துடுவேன். நான் என்னதான் பண்ணட்டும் மாஸ்டர்? நீங்களே சொல்லிடுங்க."

மாஸ்டர் நாணல் பட்டையை வாத்தியத்தில் பொருத்தினார். திருகை முடுக்கினார். வாயில் வைத்து ஒரு சுரத்தை ஊதினார். சின்ன சுரம்தான். பாதியிலேயே காற்று தீர்ந்துவிட்டது. எடுத்துவிட்டு, இரைப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் மூச்சு வாங்கற எடம் உங்களுக்குத் தெரியும் சார்" என்றார்.

கலியபெருமாள் எழுந்தார்.

மேனேஜர் அறை வாசலில் மதியழகன் நின்றிருந்தான். மேடையில் பேசியது அவன் காதில் விழுந்திருந்தது.

"சார், மாஸ்டர் என்ன சின்னப் புள்ளையா? அவரு குடிக்கறாருன்னு என் பொத்தானையும் சேத்துப் புடுங்குவீங்களா? நாள் பூரா வெல்டிங் பட்டறையில வெந்துட்டு வர்றேன். எனக்குன்னு இருக்கறது அது ரெண்டுதான்."

அவன் சொன்னது நியாயம். கலியபெருமாள் அவன் தோளில் கை வைத்தார். அவன் தட்டிவிட்டான்.

வினோதினி காகிதத்தைத் தள்ளி வைத்தாள்.

"பொத்தானே வேணாமா? நல்லா யோசிச்சிட்டீங்களா சார்? அதுக்குப் பதிலா காசா தர முடியாது. அப்புறம் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்மா."

"சாக்ஸபோன்காரர் இதுக்கு ஒத்துக்கிட்டாரா?"

மேடைப் பக்கமிருந்து சாக்ஸபோன் கேட்டது. மாஸ்டர் முன்பு சொல்லிக்கொடுத்த ஒரு மெதுவான பாட்டு. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இடைவெளி முன்னைவிட நீளமாக இருந்தது. அடுத்த வரி வருமா என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

"சார்?"

கலியபெருமாள் பேனாவை வாங்கினார். பொத்தான் என்றிருந்த வரியை முழுவதும் அடித்தார். அதன் கீழே, இரவுச் சாப்பாடு நாலு பேருக்கு, பிலவேந்திரன் வாசிக்க வந்தாலும் வராவிட்டாலும், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.