பலா மரத்துக்குப் பரிந்து பேசிய ராஜா

ரொம்ப காலத்துக்கு முன்னால் மலையடிவாரத்தில் பனிச்சை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதைச் சேந்தவர்மன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனுக்கு ஏகம்பன் என்று ஒரு மந்திரி. கூர்மையான ஆள், வாயை மட்டும் அடக்கத் தெரியாது.

ஒருநாள் ராஜா தன் கையால் வைத்து வளர்த்த மாமரம் முதன்முதலாகப் பழுத்தது. சபையில் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தான். வாயில் போட்டவர்களுக்கு ஒரு கண் மூடிக்கொண்டது. ஆனாலும், "தேன், மன்னா!" என்றார்கள். மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த தில்லைராயர், "தேன்கூட இதனிடம் கடன் வாங்க வேண்டும்" என்று சொல்லி இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

ஏகம்பன் மட்டும், "புளிக்கிறது மன்னா. ஊறுகாய்க்கு ஆகும்" என்றான்.

"வெளியே போ! இனி இந்தச் சபையில் உன் முகம் தெரியக் கூடாது!" என்றான் ராஜா. ஏகம்பன் சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் மாம்பழம் மென்றுகொண்டிருந்தார்கள். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஊர்க் கோடியில் அவனுக்கு ஒரு சின்ன வீடு, பின்னால் தோட்டம். மனைவி இறந்துவிட்டாள். பிள்ளை இல்லை. தோட்டத்தில் வாழை, பந்தலில் பாகல், நடுவில் ஒரு பலா. அந்தப் பலாக்கொட்டையை ஊன்றியவள் அவன் மனைவி. மரம் வளர்ந்து, மிளகுக்கொடி ஏறும் அளவுக்குப் பருத்தும் ஒரு காய் விட்டதில்லை. பதவியில் இருந்தபோது வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. இப்போது யாரும் வரவில்லை. கொடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, "இன்றைக்கு வெயில் அதிகம், இல்லையா?" என்று கொடியிடம் கேட்பான். சரி, வேறு யாரிடம் கேட்பான்?

காய்க்காத மரத்துக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கோடாரியை ஓங்கி, "காய்க்காத உன்னை வெட்டிப் போடுகிறேன்" என்று மிரட்ட வேண்டும். இன்னொருவர் ஓடிவந்து கையைப் பிடித்து, "விடு, பாவம், அடுத்த வருஷம் காய்க்கும்" என்று பரிந்து பேச வேண்டும். மரம் பயந்து காய்த்துவிடுமாம். அதற்கு இரண்டு ஆள் வேண்டுமே! ஏகம்பன் ஒருமுறை தானே கோடாரியை ஓங்கி, தானே மறுபக்கம் ஓடிவந்து பரிந்து பேசினான். மரம் ஏமாறவில்லை.

இந்த நிலையில் ராஜாவுக்குப் புதுப் புத்தி ஒன்று வந்தது. வீட்டுக்கு ஒரு பழமரம் இருக்க வேண்டும். காய்க்காத மரம் நிற்கிற மண் அரண்மனைக்குச் சொந்தம் என்று தண்டோரா போட்டுவிட்டான். தில்லைராயருக்கு வாயெல்லாம் பல். ராஜாவை நேரே ஏகம்பன் தோட்டத்துக்கே அழைத்து வந்தார்.

"பாருங்கள் மன்னா, மலடாக நிற்கிறது. ஓய் ஏகம்பா, மூட்டையைக் கட்டு."

ஏகம்பன் உள்ளே போய்க் கோடாரியோடு வந்தான். மரத்தின் முன் நின்று ஓங்கினான்.

"காய்க்காத மரமே! மன்னர் எதிரிலேயே உன்னை வெட்டிச் சாய்க்கிறேன்!"

சின்ன வயதிலிருந்து அரண்மனைத் தோட்டத்தில் இந்த வழக்கத்தைச் செய்து பழகியவன் ராஜா. யோசிக்கும் முன்பே பாய்ந்து கையைப் பிடித்துவிட்டான்.

"விடு, விடு! பாவம், அடுத்த வருஷம் காய்க்கும்!"

ஏகம்பன் கோடாரியைக் கீழே வைத்துக் கும்பிட்டான். "மன்னர் வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் வரைக்கும் இந்த மண்ணுக்குப் பயமில்லை."

"அது வழக்கத்துக்குச் சொன்னது!" என்று ராயர் குதித்தார்.

"அப்படியா ராயரே? மன்னர் பேச்சில் எது வழக்கத்துக்கு, எது நிஜத்துக்கு என்று பிரித்துச் சொல்லுங்கள். ஊரெல்லாம் தெரிந்துகொள்ளட்டும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். "ஏகம்பா, என்னிடம் நேராகவே கேட்டிருக்கலாமே?"

"யார் கேட்பது மன்னா? அன்றைக்கு என்மேல் நீங்கள் கோடாரியை ஓங்கினீர்கள். சபை நிறைய ஆள். 'விடுங்கள், பாவம்' என்று சொல்ல ஒரு நாக்கு புரளவில்லை. இந்த மரத்துக்காவது ஒருவர் கிடைத்தார்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. ராயர் பக்கம் திரும்பி, "ராயரே, அன்று நீர் என்ன செய்துகொண்டிருந்தீர்?" என்றான்.

"மா... மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன், மன்னா."

"எப்படி இருந்தது?"

"கொஞ்சம் புளிப்பு" என்றார் ராயர்.

கூட வந்த காவலர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். ராஜா ஏகம்பனிடம், "மந்திரி பதவி உனக்கே. வா" என்றான்.

"பதவி வேண்டாம் மன்னா. வாரம் ஒருமுறை யாராவது வந்து மரம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும்."

"ராயரே வருவார். பல்லக்கு கிடையாது, நடந்து வருவார்" என்றான் ராஜா.

அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ராயர் வியர்க்க விறுவிறுக்க வந்து வேலிக்கு வெளியே நின்று, "மரம் எப்படி இருக்கிறது?" என்பார். ஏகம்பன், "இருக்கிறது" என்பான். வேலிப் படலைச் சாத்திவிட்டு உள்ளே போவான். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராயர் கேள்வியைக் கேட்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "ஓய் ஏகம்பா! அடிமரத்தில் பார்! மிளகு இலைக்குப் பின்னால்! பிஞ்சு, பிஞ்சு!"

ஏகம்பன் ஓடிப்போய் இலையை விலக்கினான். கட்டைவிரல் அளவில் ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. வீடு தப்பியது. மரத்தில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றான். சொல்ல வேண்டியவள் இல்லை. திரும்பிப் பார்த்தான். வேலிக்கு அப்பால் ராயர் ஒருவர்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே வாருங்கள் என்று ஏகம்பன் சொல்லவில்லை. மனசில் கோபம் அப்படியேதான் இருந்தது. அன்றைக்குப் படலை மட்டும் சாத்தவில்லை.