உலகநாதன் ஜாவா படித்த பிரதாபம்

கோவில்பட்டியில் இடி இடித்தால்கூட அதில் தனக்கு ஒரு பங்கு உண்டென்று சொல்லாவிட்டால் உலகநாதனுக்குச் சோறு இறங்காது. ஆனால் ஒன்று, அவன் பீற்றிக்கொள்வது தன் கெட்டிக்காரத்தனத்தை அல்ல, தன் மக்குத்தனத்தை. தன்னைவிடப் பெரிய மக்கு இந்த ஜில்லாவில் பிறக்கவில்லை என்பதில் அவனுக்கு அப்படியொரு கர்வம்.

அன்று சாயங்காலம் சோலையப்பன் சலூனில், கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்தான். தீப்பெட்டிக் கம்பெனியில் பண்டல் ஏற்றுகிற வேலை அவனுக்கு. ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியின் அடிப்படைப் பரீட்சையில் தேறினால் ஆபீஸுக்குள் கம்ப்யூட்டர் வேலை தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு தரம் கோட்டை விட்டாயிற்று. இந்தத் தரமும் விட்டால் அந்த நாற்காலி வேறொருவனுக்கு. பரீட்சையை எழுதிவிட்டு நேரே இங்கேதான் வந்திருந்தான். சட்டைப்பையில் போன் ஒருமுறை முனகியது. ரிசல்ட்டாகத்தான் இருக்கும். எடுத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

"மெசேஜ் வந்திருக்கு போல, பாரு மச்சான்" என்றான் பெஞ்சில் காத்திருந்த ஆட்டோக்கார மாரிச்சாமி.

"அது கிடக்கட்டும். நான் முதநாள் ஜாவா படிச்ச கதையைக் கேளு. ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒரு அரைப்புள்ளி வைக்கணும். நான் ஒண்ணே ஒண்ணு வைக்க மறந்துட்டேன். எரர் வந்துச்சு பாரு! திரை நிறைஞ்சு, மேசைக்கு வழிஞ்சு, மாடி ஜன்னல் வழியா இறங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருச்சு. சாத்தூர் பஸ்ஸுக்கு நின்ன சனமெல்லாம் அதைத்தான் படிச்சுக்கிட்டு நின்னுச்சு."

"நானும் பஸ் ஸ்டாண்டுலதான ஆட்டோ போடுறேன்? என் கண்ணுல படலியே."

"நீ என்னைக்குப்பா படிச்சிருக்க?"

சோலையப்பன் சிரித்துக்கொண்டே ஒரு கன்னத்தை வழித்து முடித்தார். "வாயை ஆட்டாத தம்பி, கத்தி பட்டுரும்."

உலகநாதனா கேட்பவன்? போன் மறுபடியும் முனகியது. அவன் குரலை இன்னும் உயர்த்தினான்.

"அடுத்தது கிளாஸு, ஆப்ஜெக்ட்டு. கிளாஸுங்கிறது இட்லித்தட்டு. ஆப்ஜெக்ட்டுங்கிறது அதுல எடுக்கிற இட்லி. ஒரு தட்டு இருந்தா எத்தனை வேணாலும் எடுக்கலாம். நான் சேவலுக்கு ஒரு கிளாஸ் எழுதினேன். ஒரு சேவல் எடுத்துட்டு நிறுத்தணும்ல? நிறுத்தச் சொல்ற வரியை எழுத மறந்துட்டேன். திரைக்குள்ள இருந்து சேவலாக் கொட்டுது! மெயின் ரோடு முழுக்கச் சேவலு. எல்லாம் சேர்ந்து கூவுன கூவுல சூரியன் குழம்பிப்போயி ஒரே நாள்ல மூணு தடவை உதிச்சிருச்சு."

"அன்னைக்கு நான் எங்கடே இருந்தேன்?" என்றார் சோலையப்பன்.

"மூணு தடவை கடையைத் திறந்தீங்கண்ணே. உங்களுக்கு ஞாபகம் பத்தாது."

மாரிச்சாமி தலையில் அடித்துக்கொண்டான். "போனை எடுடா!"

"இரு, இனிமேதான் இருக்கு. அப்பன் சொத்து பிள்ளைக்கு வர்ற மாதிரி, பெரிய கிளாஸ்ல உள்ளதெல்லாம் சின்ன கிளாஸுக்கு வந்துரும். என் பேர்ல ஒரு கிளாஸ் எழுதி, அதை அப்பா கிளாஸுக்குக் கீழ போடுறதுக்குப் பதிலா மாமனார் கிளாஸுக்குக் கீழ போட்டுட்டேன். விடிஞ்சு பாத்தா அவரோட மீசை என் மூஞ்சில. அவரோட மூட்டுவலி என் முழங்கால்ல. என் பொண்டாட்டி எந்திரிச்சு நின்னு, 'வாங்கப்பா, காப்பி போடட்டுமா?'ங்கிறா. மீசையை மறைக்கலாம்னு பிரைவேட்னு ஒரு வார்த்தை போட்டேன். போட்டா, மத்தவங்க யாரும் தொட முடியாது. சோலையப்பண்ணே வழிச்சு வழிச்சுப் பாத்தாரு, கத்தி மொட்டையானதுதான் மிச்சம்."

"நானா?" சோலையப்பன் கத்தியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

இதற்குமேல் பொறுக்காமல் மாரிச்சாமி எட்டி, துணிக்குள் கையை விட்டுப் போனை உருவிவிட்டான். உலகநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பண்டல் மூட்டை ஒன்று முதுகில் வந்து இறங்கியது போலிருந்தது அவனுக்கு.

"உன் ஜாவா வாத்தியார்தான் அனுப்பியிருக்காரு" என்று மாரிச்சாமி எழுத்துக்கூட்டி வாசித்தான். "'உலகநாதன், சப்மிட் பட்டனை அழுத்தாமலே எழுந்து போய்விட்டீர்கள். ஆறு மணிக்கு சிஸ்டம் தானாக மூடிவிடும். உடனே வரவும்.' அடப்பாவி, இது வந்து அரை மணி நேரமாச்சேடா!"

சுவர்க் கடிகாரத்தில் ஆறடிக்கப் பத்து நிமிஷம். உலகநாதன் நாற்காலியிலிருந்து குதித்தான். ஒரு கன்னம் பளபளவென்றிருக்க, மறு கன்னத்தில் நுரை வழிந்தது. கதையளந்தே வேலையைத் தொலைக்கப் பார்த்தோமே என்று அவனுக்கு அழுகை முட்டியது.

"எதையாவது எழுதியிருந்தாத்தானடே அழுத்துறதுக்கு?" என்றார் சோலையப்பன்.

வாசலுக்குப் போனவன் திரும்பினான். இத்தனை நேரமும் அவன் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. சொன்னால் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம்.

"எழுதினேண்ணே. புரோகிராம் ஓடிருச்சு. ஒரு எரர்கூட இல்ல. 'வணக்கம் உலகநாதன்'னு திரையில வந்துச்சு. அந்தச் சந்தோஷத்துலதான் பட்டனை மறந்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன். என் பிள்ளை மேல சத்தியமாண்ணே."

சொல்லிவிட்டுக் கழுத்துத் துணி பறக்க ஓடினான்.

மாரிச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து சிரித்தான். சோலையப்பன் கத்தியை நிதானமாகத் துடைத்து மடக்கினார்.

"மத்ததெல்லாம்கூட நடந்திருக்கலாம்டே" என்றார். "இது மட்டும் சுத்தப் புளுகு."